ஐந்தாவது ஆள்

நீதிமன்றத்தின் நகல் பிரிவில் அவளுக்குப் பதினெட்டு வருட வேலை. தீர்ப்பு, வாக்குமூலம், வரைபடம் என்று எது வந்தாலும் நகலெடுத்து, அசலோடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, 'உண்மை நகல்' என்று முத்திரை குத்த வேண்டும். கட்டடம் முழுக்க அவளைக் 'காப்பி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வரும் வக்கீல்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, "அக்கா, ரெண்டு காப்பி, சர்க்கரை கம்மியா" என்று சொல்லி அசடு வழிவதுண்டு. அவளும் முகம் மாறாமல், "எத்தனை பக்கம் தம்பி?" என்பாள்.

அதெல்லாம் அவளுடைய சொந்தத் தம்பி காணாமல் போவதற்கு முன்னால்.

அவனை எல்லோரும் 'ஊசி' என்பார்கள். ஆள் அவ்வளவு ஒல்லி. ஊருக்கு வெளியே இருந்த குளிர்பதனக் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலைக்கு அவன் போனபோது, "காத்தடிச்சா பறந்துடுவ, நீ எங்கடா பெட்டி தூக்கப்போற?" என்று அக்காவே கேலி செய்தாள். ஒப்பந்தக்காரர் மூலமாகக் கிடைத்த வேலை. கிடங்கின் வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் கிடையாது. காலையில் வாசலில் தலையை எண்ணி உள்ளே விடுவார்கள், சாயங்காலம் எண்ணி வெளியே விடுவார்கள். அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் கிடங்கின் அம்மோனியா குழாய் வெடித்தது. நாலு பேர் இறந்துவிட்டதாக மாலைச் செய்தியில் சொன்னார்கள். நாலு பேருடைய பெயரும் வாசிக்கப்பட்டது. தம்பி பெயர் அதில் இல்லை. அக்காவும் தம்பி மனைவியும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். நிம்மதியில் வந்த அழுகை அது. ஆனால் அவன் வீடு திரும்பவில்லை. மறுநாளும் திரும்பவில்லை.

மறுநாள் காலை பேருந்தில் போகும்போது அக்கா செல்போனில் ஒரு செய்தித்தாளின் பக்கத்தைப் பார்த்தாள். 'கிடங்கு விபத்தில் ஐந்து பேர் பலி' என்றிருந்தது. மத்தியானம் அதே பக்கத்தைத் திறந்தபோது 'நான்கு பேர்' என்று மாறியிருந்தது. சாயங்காலம் அந்தப் பக்கமே இல்லை. விசாரணை முடியும்வரை விபத்தைப் பற்றி யாரும் எழுதக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்களாம்.

நாலாம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தாள். காயம்பட்டவர்கள் பட்டியலை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "அப்படி யாரும் இல்லம்மா" என்றார் அங்கிருந்த எழுத்தர். ஒப்பந்தக்காரரைப் போய்ப் பார்த்தாள். அவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை.

"அன்னிக்கு அவன் வேலைக்கே வரலையேம்மா."

"காலைல டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டுக் கிளம்பினானே?"

"கிளம்பினானா? எங்க போனானோ." கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரெண்டு மாசமா யாரோ ஒரு பொண்ணுகூட போன்ல பேசிக்கிட்டே இருந்தானாம். பசங்க சொல்றாங்க. நான் பாக்கல."

அந்தப் பேச்சு அவளுக்கு முன்னால் தெருவுக்கு வந்துவிட்டது. அன்றைக்கே பக்கத்து வீட்டுக்காரி தம்பி மனைவியிடம், "ஆம்பளைங்க புத்தியே இப்படித்தான்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னதற்கு இரண்டு. தம்பி மனைவி அவனுடைய சட்டைகளையெல்லாம் அலமாரியிலிருந்து இழுத்து ஒரு சாக்கில் போட்டுக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அக்காவின் செல்போனில் ஆலோசகர் என்று ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலி இருந்தது. அலுவலகத்தில் எல்லோருமே வைத்திருந்தார்கள். கடிதம் எழுத, எழுத்துப்பிழை பார்க்க என்று அவளும் பயன்படுத்துவாள். யார் மாதிரிப் பேச வேண்டும் என்று சொன்னால் அது அப்படிப் பேசும். ஒரு மத்தியானம், சாப்பாட்டு வேளையில், நகல் அறையின் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் தட்டச்சு செய்தாள்: 'பழைய பதிவேடுகளோடயே முப்பது வருஷம் வேலை பார்த்த ஆவணக் காப்பாளர் மாதிரி பேசு. மறைச்சு வெச்ச விஷயத்தை எப்படித் தேடணும்னு எனக்குச் சொல்லணும்.'

பதில் வந்தது. 'அப்படியே பேசுகிறேன். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நான் மனிதரல்ல, அந்த முப்பது வருட அனுபவமும் எனக்குக் கிடையாது. எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல மாட்டேன். என்ன நடந்தது?'

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அது உடனே பதில் எதுவும் சொல்லிவிடவில்லை. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டது. ஐந்து என்று போட்டிருந்ததை நீங்களே பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா? தம்பி வேலைக்குக் கிளம்பியதைப் பார்த்தது யார்? கிடங்குக்குள் போனதைப் பார்த்தது யார்? அவளுக்கு எரிச்சல் வந்தது. குறுக்கு விசாரணை பண்ணுகிற வக்கீல் மாதிரி இருந்தது. ஆனாலும் பதில் சொல்லச் சொல்ல, தான் கண்ணால் கண்டது எவ்வளவு கொஞ்சம் என்று அவளுக்கே தெரிந்தது.

'ஐந்து எப்படி நாலு ஆச்சு? நீ என்ன நினைக்கிற?' என்று கேட்டாள்.

'எனக்குத் தெரியாது. முதல் செய்தி தவறாகவும் இருந்திருக்கலாம். எண்ணைக் குறைப்பதால் யாருக்காவது ஆதாயம் இருக்கிறதா என்று சட்டத்தில் பாருங்கள். அது உங்கள் அலுவலக நூலகத்திலேயே கிடைக்கும்.'

கிடைத்தது. விபத்தில் நாலு பேர் வரை இறந்தால் உள்ளூர் அளவில் விசாரணை. ஐந்து பேர் என்றால் கிடங்கை இழுத்துப் பூட்டிவிட்டு மேலிடம் நேரடியாக விசாரிக்கும். அவள் அந்தப் பிரிவின் எண்ணைக் குறித்துக்கொண்டு சட்டப் புத்தகத்தை மூடினாள்.

அன்றிலிருந்து அவள் அந்த ஆலோசகரை மனசுக்குள் 'ரெக்கார்டு சார்' என்று கூப்பிடத் தொடங்கினாள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நல்ல மனிதர் ஒரு கெட்ட யோசனையோடு வந்தார். அவள் பக்கத்து மேசைக்காரர், தடித்த கண்ணாடி போட்டதால் அவர் பெயரே 'கண்ணாடி' ஆகிவிட்டது. சீலிட்ட உறையில் வருகிற ஆவணங்களுக்கு அவர்தான் பொறுப்பு. கிடங்கு விபத்தின் முதல் விசாரணை அறிக்கை சீலிட்ட உறையில் வந்திருந்தது. மூன்று நகல் எடுக்க வேண்டும்.

"மெஷின்ல போடறப்போ ஒண்ணு கூடுதலா விழுந்துடுச்சுன்னு வெச்சுக்கயேன்" என்றார், தேநீரை ஊதிக்கொண்டே. "யாருக்குத் தெரியப்போகுது? உன் தம்பியை அவன் சின்னப் பையனா இருக்கும்போதே நான் பாத்திருக்கேன்."

"உங்க வேலை போயிடுமே?"

"இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு. எடுத்துக்கறியா, சொல்லு."

"நாளைக்குச் சொல்றேண்ணே" என்றாள் அவள். ஆலோசகரிடம் எழுதினாள்: 'என்கூட சீல் பிரிவில் வேலை பார்க்கிறவர் ரகசிய அறிக்கையில் ஒரு காப்பி தர்றேங்கிறார். வாங்கலாமா? எப்படி யாருக்கும் தெரியாமல் வெச்சுக்கிறது?'

'உங்கள் இடத்தில் யாருக்குமே ஆசை வரும்' என்று அது எழுதியது. 'ஆனால் அதற்கு நான் வழி சொல்ல மாட்டேன். காரணத்தைச் சொல்கிறேன். அந்த அறிக்கையில் சாட்சி சொன்ன தொழிலாளிகளின் பெயரும் முகவரியும் இருக்கும். யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையில் பேசியவர்கள் அவர்கள். அது உங்கள் கையிலிருந்து நழுவி வெளியே போனால் முதல் அடி அவர்களுக்குத்தான் விழும். திருடிய காகிதத்தை நீங்கள் எங்கேயும் காட்டவும் முடியாது. அதைச் சுற்றி, சீல் வைக்காத காகிதங்கள் எத்தனையோ இருக்கும். ஒருவர் இறந்தால் சவக்கிடங்கில் ஒரு எண் போடுவார்கள். ஆம்புலன்ஸ் ஓடினால் ஒரு வரி எழுதுவார்கள். அவற்றைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

'இன்னொன்று. உங்களோடு வேலை செய்பவரைப் பற்றி இங்கே எழுதிவிட்டீர்கள். இனிமேல் யாரைப் பற்றியும் அடையாளம் தெரியும்படி எழுதாதீர்கள். இந்த உரையாடலை ஒரு நாள் யாராவது கேட்டு வாங்கலாம். அது நடக்காது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.'

அந்தக் கடைசிப் பகுதியை அவள் அவசரமாகத்தான் படித்தாள். கண்ணாடியிடம் போய், "வேணாம்ணே" என்று மட்டும் சொன்னாள். "உன் இஷ்டம்" என்று அவர் வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கும் ஆம்புலன்ஸ் அலுவலகத்துக்கும் தகவல் கேட்டு மனுப் போட்டாள். மனுவில் ஒரு குற்றச்சாட்டும் இருக்கக்கூடாது, இன்ன தேதியின் பதிவுகள் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள் என்று ஆலோசகர் சொல்லியிருந்தது. ஒரு மாதம் கழித்துப் பதில்கள் வந்தன. சவக்கிடங்குப் பதிவேட்டில் விபத்தில் இறந்த நாலு பேருக்கும் 211 முதல் 214 வரை எண். அதற்கடுத்த வரி 216. ஆம்புலன்ஸ் பதிவில் அன்றைக்கு ஒன்பது ஓட்டம். ஏழாவது ஓட்டத்தின் மேல் கறுப்பு மை பூசியிருந்தது.

பதினெட்டு வருடம் பக்க எண் சரிபார்த்தவள் அவள். நடுவில் ஒரு எண் விட்டுப்போனால் கண் தானாகவே அங்கே போய் நிற்கும்.

ஆலோசகர் எழுதியது: 'இந்த இடைவெளி ஒருவர் இருந்ததைக் காட்டலாம். எழுதும்போது தவறியதாகவும் இருக்கலாம். அது உங்கள் தம்பி என்று என்னால் சொல்ல முடியாது. தயவுசெய்து அவர் மனைவியிடம் இப்போது எதையும் சொல்லாதீர்கள். தப்பாக இருந்தால் அந்தக் காயத்தை ஆற்ற முடியாது.'

நல்ல புத்திதான். அவள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனபோது, தெருக்குழாயடியில் இரண்டு பெண்கள் இவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி உதட்டுக்குள் சிரித்தார்கள். உள்ளே போனதும் அவளால் பொறுக்க முடியவில்லை.

"அவன் ஓடிப்போகலம்மா. யாரையோ மறைச்சிருக்காங்க. ஒரு எண் காணோம்."

தம்பி மனைவி சின்னதற்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"என்ன சொல்ல வர்றீங்க? செத்துட்டாருங்கிறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல..."

"வேற எப்படி அண்ணி சொல்றது?" அவள் எழுந்துவிட்டாள். "ஓடிப்போனாருன்னே இருக்கட்டும். எவகூடவோ இருக்கட்டும். அப்படின்னா எங்கேயாவது சாப்பிட்டுக்கிட்டு இருப்பாரு. என்னிக்காவது ஒரு நாள் வாசல்ல வந்து நிப்பாரு. நாலு அறை விடலாம். நீங்க வந்து எண்ணு காணோம், எழுத்து காணோம்னு... அவரைக் கொன்னுட்டுத்தான் போவீங்களா?"

சின்னது வீறிட்டு அழுதது. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஊர் பேசிய அந்தப் பொய்யின் நிழலில்தான் தம்பி மனைவி ஒதுங்கியிருக்கிறாள் என்பது அதுவரை அவளுக்கு உறைக்கவே இல்லை. பேருந்து நிறுத்தம்வரை நடந்துபோய், வந்த பேருந்தில் ஏறாமல், அடுத்ததிலும் ஏறாமல் நின்றாள்.

ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்கு மூன்று தடவை போனாள். ஓட்டுநர்கள் அவளைக் கண்டதும் டயரைத் தட்டிப் பார்ப்பார்கள், கண்ணாடியைத் துடைப்பார்கள். மூன்றாவது தடவை, "உங்களை மாட்டிவிட நான் வரல. என் தம்பி எங்கேன்னுதான் கேக்கறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். இரண்டு நாள் கழித்து, நீதிமன்ற வாசலில் ஒரு ஆள் அவளோடு சேர்ந்து நடந்துவந்தார். நாற்பது வயதிருக்கும். அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"ஏழாவது ஓட்டம் என்னுதுதாம்மா."

அவள் நின்றாள். "நிக்காதீங்க, நடங்க" என்றார் அவர்.

நடந்துகொண்டே சொன்னார். நாலு பேரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாலு பேரும் போகும்போதே இறந்திருந்தார்கள். ஐந்தாவதாக இழுத்து வந்த ஆளுக்கு மட்டும் உயிர் இருந்தது. அவரை ஏற்றியதும் போன் வந்தது. பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம், ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரி பத்து நிமிடம். அது நாற்பது நிமிடம்.

"பாதி வழியிலேயே போயிட்டாரு. போன் பண்ணிச் சொன்னேன். ரோட்டோரமா கிடந்தார்னு எழுதிக் கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரிச் சவக்கிடங்குல ஒப்படைன்னாங்க. எழுதிட்டேன்." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "ஒல்லியா இருந்தாரு. தூக்கறப்போ கனமே இல்ல."

"ஏதாவது பேசினானா?"

"தண்ணி கேட்டாரு. அப்புறம் உள்ள இன்னும் ஆளிருக்கு, உள்ள ஆளிருக்குன்னு ரெண்டு மூணு தடவை சொன்னாரு."

தெருமுனைக்கு வந்ததும் அவர் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார்.

"எனக்கும் பிள்ளைங்க இருக்கும்மா. என் பேரு எங்கேயும் வரக்கூடாது. வராதுன்னு சொல்லுங்க."

"வராது" என்றாள் அவள்.

சொல்லும்போது சுலபமாக இருந்தது. வீட்டுக்குப் போய் உட்கார்ந்ததும் கொதிப்பு ஏறியது. அவன்தானே வண்டியை ஓட்டினான்? பத்து நிமிடத்தில் போயிருக்கலாமே? அவனைக் கூண்டில் ஏற்றினால் எல்லாம் ஒரே நாளில் வெளியே வந்துவிடுமே? மறுநாள் பெயர் எதுவும் இல்லாமல், இடம் எதுவும் இல்லாமல், 'ஒருவர் ஒரு விஷயம் சொன்னார், அவர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், இப்போது மீறலாம் போலிருக்கிறது' என்று மட்டும் எழுதினாள்.

'நீங்கள் கேட்டது அவர் உங்களை நம்பியதால் கிடைத்தது' என்று பதில் வந்தது. 'அவர் செய்தது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் வாக்கை மீறுவதற்கு முன்னால், அவர் சொன்னதை அவர் இல்லாமலே நிரூபிக்க முடியுமா என்று பாருங்கள். அவர் சொன்ன கதை உண்மையானால் அது வேறு எங்கே தடம் விட்டிருக்கும்?'

அவள் யோசித்தாள். ரோட்டோரம் கிடந்த ஆள். உரிமை கோர யாரும் வராத உடல். அதற்கென்று நகராட்சியில் தனிப் பதிவேடு உண்டு. யாராவது வந்து பார்த்துக் கண்டுபிடிக்கட்டும் என்பதற்காகவே வைத்திருக்கிற, எவரும் கேட்டுப் பார்க்கக்கூடிய பதிவேடு. காயம்பட்டவர்களிடையே தேடினாள், விபத்தில் இறந்தவர்களிடையே தேடினாள். யாருமற்றவர்களிடையே தம்பியைத் தேட அவளுக்குத் தோன்றவே இல்லை. அவனுக்குத்தான் எல்லோரும் இருந்தார்களே.

நகராட்சியில் சுகாதாரப் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. கொசு மருந்து டப்பாக்களுக்கு நடுவில் ஒரு மேசை. பதிவேட்டைக் கேட்டதும் அங்கிருந்த பெண் ஊழியர் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். "அதிகமா யாரும் கேக்கறதில்ல, தூசியா இருக்கும்" என்று முன்கூட்டியே வருத்தப்பட்டார்.

அக்கா ஒரு விரலை வைத்து வரிவரியாகக் கீழே இறங்கினாள்.

சவக்கிடங்கு எண் 215. ஆண். வயது சுமார் 35. மெலிந்த உடல். சாலையோரம் கண்டெடுக்கப்பட்டது. வாகன விபத்தாக இருக்கலாம். வெளிக்காயம் இல்லை. இடது கைச் சுண்டுவிரலில் மேற்பாதி இல்லை, பழைய காயம். உடைமைகள்: கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்திருந்தது.

அவனுக்குப் பதினாறு வயதில் மாவு மில் பெல்ட்டில் விரல் போனது. துண்டான விரலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது அக்காதான். வெயில் கொளுத்துகிற மாதத்தில் நடுரோட்டில் எவன் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு திரிவான்? உறைந்த அறைக்குள் நாள் முழுக்க நின்று பெட்டி தூக்குகிறவனைத் தவிர.

புகைப்படம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. பார்த்தாள்.

கடைசிக் கட்டத்தில் தேதி இருந்தது. எட்டு நாள் வைத்திருந்து, யாரும் வராததால் நகராட்சியே எரித்திருந்தது. எட்டு நாள். நாலாம் நாள் அவள் அந்த ஆஸ்பத்திரியில்தான் நின்றாள். ஒரு தாழ்வாரம் தள்ளி அவன் படுத்துக் கிடந்தான்.

பெண் ஊழியர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்தாள். பிறகு பையிலிருந்து மனுப் படிவத்தை எடுத்து, அந்தப் பக்கத்துக்கும் புகைப்படத்துக்கும் சான்றிட்ட நகல் வேண்டும் என்று எழுதினாள். கையெழுத்து கோணாமல்தான் வந்தது.

இந்தத் தடவை தம்பி மனைவியிடம் உடனே போகவில்லை. நகல்கள் கைக்கு வந்த பிறகு, பிள்ளைகள் தூங்கும் மத்தியானமாகப் பார்த்துப் போனாள். விரலைப் பற்றிய வரியைக் காட்டினாள். படத்தைக் கவிழ்த்து வைத்து, "பாக்கணும்னா பாரு. வேணாம்னா நான் பாத்துட்டேன், அது போதும்" என்றாள்.

தம்பி மனைவி படத்தைத் திருப்பினாள். வெகுநேரம் பார்த்தாள். கத்தவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்த சாக்கை இழுத்துக் கட்டை அவிழ்த்துச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"தினமும் திட்டினேனே அண்ணி" என்றாள். "தினமும் பல்லு விளக்கறப்போகூட திட்டினேனே."

அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருமாகச் சட்டைகளை மடித்தார்கள்.

215 தன் தம்பிதான் என்று அக்கா எழுதிய மனு, விபத்தை விசாரிக்கும் அதிகாரியிடம் போயிற்று. அதில் ஓட்டுநர் இல்லை. சட்டப்பிரிவு, விட்டுப்போன எண், மை பூசிய வரி, நகராட்சிப் பதிவேடு, விரல், காலுறை, அவ்வளவுதான். விசாரணைக்கு அழைத்தார்கள். கிடங்கின் வக்கீல் நயமாகப் பேசுகிறவர்.

"யாருமற்றவர் பதிவேட்டைப் பாக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சும்மா? யார் சொன்னா?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

"செல்போன்ல ஏதோ இயந்திரத்தோட பேசுவீங்களாமே?"

அலுவலகத்தில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அந்த உரையாடலை ஒப்படைக்கும்படி உத்தரவு வந்தது. அழித்துவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. விசாரணை தொடங்கிய பிறகு அழித்தால் அது சாட்சியத்தை அழித்த குற்றம் என்பது நகல் பிரிவில் இருக்கிறவளுக்குத் தெரியாதா? அச்செடுத்துக் கொடுத்தாள். நாற்பத்தொரு பக்கம். வக்கீல் எழுந்து நின்று வாசித்தார்.

"'அது உங்கள் தம்பி என்று என்னால் சொல்ல முடியாது.' பாருங்க ஐயா, இயந்திரமே சொல்லுது, இவங்க தம்பி இல்லன்னு!"

"அப்படிச் சொல்லல ஐயா" என்றாள் அக்கா. "தெரியாதுன்னு சொல்லுது. அப்போ அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்போ பதிவேடு சொல்லுது. அந்தப் பக்கத்தையும் வாசிக்கச் சொல்லுங்க."

அதிகாரி அந்தப் பக்கத்தை வாங்கித் தானே வாசித்தார். காலுறை வரியில் கொஞ்சம் நின்றார். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற கேள்வியை வக்கீல் அதற்குப் பிறகும் நாலு விதமாகக் கேட்டார். நாற்பத்தொரு பக்கத்திலும் ஓட்டுநர் என்ற சொல்லே இல்லை.

ஆனால் ஒன்பதாம் பக்கத்தில் வேறொன்று இருந்தது. 'என்கூட சீல் பிரிவில் வேலை பார்க்கிறவர் ரகசிய அறிக்கையில் ஒரு காப்பி தர்றேங்கிறார்.' சீல் பிரிவில் இருந்தது ஒரே ஒருவர். வக்கீல் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார்.

அடுத்த திங்கட்கிழமை கண்ணாடி தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அக்கா அவர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

"தெரியாம எழுதிட்டேண்ணே. அது எச்சரிச்சுது. அதுக்குள்ள எழுதிட்டேன்."

"நீதான் வேணாம்னுட்டியே" என்றார் அவர். "கொடுத்திருந்தாலாவது ஒரு அர்த்தம் இருக்கும். கொடுக்காததுக்குப் போயிடுச்சு, பாரு." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "சரி, கிளம்பு. உன்னை இங்க யாராவது பாத்தா அதையும் சேர்த்து எழுதுவாங்க."

ஓட்டுநர் வேலையில் இருக்கிறார். நீதிமன்றத் தெருவில் எப்போதாவது அவருடைய வண்டி போகும். அவர் இந்தப் பக்கம் திரும்ப மாட்டார். அவளும் பார்க்க மாட்டாள்.

ஐந்து மாதம் கழித்து அதிகாரி உத்தரவு போட்டார். 215 என்ற எண்ணுக்கு நேரே பெயர் எழுத வேண்டும், விபத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கையை மேலிடம் மறுபடி பார்க்க வேண்டும். கிடங்கு மேல்முறையீடு செய்தது. இரண்டாவது பகுதிக்குத் தடை கிடைத்தது. முதல் பகுதியை எதிர்க்க அவர்களுக்கு வழி இல்லை. ஆக, இறப்புச் சான்றிதழில் பெயர் உண்டு. இறந்த காரணம் என்ற இடத்தில் 'விசாரணையில் உள்ளது' என்றிருக்கும். எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. அரசின் கணக்கில் இன்றைக்கும் நாலு பேர்தான்.

அக்கா அதற்குப் பிறகு ஆலோசகரிடம் ஒரு தடவைதான் எழுதினாள். கண்ணாடி விஷயத்தைச் சொல்லி, 'நான் செய்தது சரியா?' என்று கேட்டாள். 'அவருக்கு நேர்ந்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு, முதலிலேயே எச்சரிக்காததால் எனக்கும் உண்டு' என்று அது எழுதியது. 'பணிநீக்கத்தை எதிர்த்து அவர் மேல்முறையீடு செய்தால், நகல் கொடுக்கப்படவே இல்லை என்று நீங்கள் சாட்சி சொல்லலாம்.' அவள் அந்த வாக்குமூலத்தை எழுத உட்கார்ந்தாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. பெரியவளை வேறு பள்ளியில் சேர்க்க வேண்டியிருந்தது. தம்பி மனைவி, "கூட வாங்க அண்ணி" என்று கூப்பிட்டாள். அலுவலக அறையில் எழுத்தர் அம்மா படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தார். வெளியே வரிசையில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அவர்கள் தெருக்காரர்களும் இருந்தார்கள்.

"அப்பா?"

"இல்ல" என்றாள் தம்பி மனைவி.

"இல்லன்னா? பிரிஞ்சு போயிட்டாரா, காலமாயிட்டாரா? அதை எழுதணும்."

அக்கா பையிலிருந்து சான்றிதழை எடுக்கப்போனாள். தம்பி மனைவி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு எழுத்தரைப் பார்த்து, வெளியே நின்றவர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"எங்கேயும் போகலம்மா. காலைல வேலைக்குப் போனாரு. குளிர்பதனக் கிடங்குல, கேஸ் வெடிச்சதுல செத்துட்டாரு. அஞ்சாவது ஆளு."

எழுத்தர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "நாலு பேருன்னுல்ல சொன்னாங்க?"

"அஞ்சு" என்றாள் பெரியவள்.